படத்தைக் கழற்றிய பிறகு பெட்டகத்துக்கு என்ன நடந்தது?

பழைய இத்தாலிய ஓவியங்களின் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு போனபோது ஒரு விசயம் எங்கள் கண்ணில் பட்டது. 15ஆம் நூற்றாண்டில் புளோரன்ஸ் நகரில் வரையப்பட்ட கனக்க ஓவியங்கள் ஒரே மாதிரியான வடிவத்தில் இருக்கின்றன. உயரம் அரை மீற்றர்கூட வராது. நீளம் மட்டும் ஒன்றரை மீற்றர் வரை போகும். போர், ஊர்வலம், கல்யாணம், வேட்டை எல்லாமே அந்த ஒடுக்கமான பலகைக்குள் ஒரு கரையில் இருந்து மறுகரைக்கு ஓடுகின்றன. சுவரில் மாட்டுவதற்கு வரைகிற ஒருவர் ஏன் இப்படி ஒரு அளவைத் தெரிவு செய்யவேண்டும்?

தேடிப் பார்த்தால் விடை எளிது. அவை சுவருக்காக வரையப்பட்டவையே அல்ல, பெட்டகங்களின் முன்பலகைகள். யாரோ பெட்டகத்தில் இருந்து படத்தைக் கழற்றி, சட்டம் போட்டு, சுவரில் மாட்டிவிட்டார்கள்.

அப்ப மிச்சப் பெட்டகம் எங்கே போனது? அதைச் செய்த தச்சர் யார்? படத்தை மட்டும் எடுத்தால் போதும் எண்டு முடிவெடுத்தது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது. கையால் வர்ணம் தீட்டிய இத்தாலியத் தளபாடங்களைப் பற்றிய கதை என்றால், பணக்காரர் வீட்டுக் கதிரை மேசைகளின் கதை மாதிரித் தெரியும். ஆனால் யார் கலைஞர், யார் வெறும் வேலையாள் என்று வரலாறு கோடு கீறிய விதமும் அதே கதைக்குள்தான் இருக்கிறது.

கல்யாணப் பெட்டகம்

இத்தாலிய மொழியில் இந்தப் பெட்டகத்துக்குக் கசோனே என்று பெயர். பணமுள்ள வீடுகளில் கல்யாணம் என்றால் பெட்டகம் சோடியாகச் செய்விப்பார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் உடுப்பு, துணி, நகை எல்லாம் அதற்குள் போகும். சீதனம் என்ற சொல்லை நாங்கள் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. புளோரன்சிலும் அதேதான். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மணமகள் தாய்வீட்டில் இருந்து கணவன் வீட்டுக்குப் போகும்போது இந்தப் பெட்டகங்களும் ஊர்வலமாகத் தெருவால் போயின. தெருவில் நிண்ட சனம் பெட்டகத்தைப் பார்த்தே அந்தக் குடும்பத்தின் வசதியை எடைபோட்டது. பின்னர் வழக்கம் மெல்ல மாறி, மாப்பிள்ளை தன் படுக்கையறையைச் சோடிக்கும்போது தானே பெட்டகங்களையும் செய்விக்கத் தொடங்கினார்.

அப்படி ஒரு சோடி இன்று லண்டனில் உள்ள கோர்ட்டோல்ட் காட்சியகத்தில் இருக்கிறது. 1472இல் லொரென்சோ மொரெல்லி என்பவர் வாஜ்ஜா நேர்லி என்ற பெண்ணை மணந்தபோது செய்வித்தவை. இந்தச் சோடிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மொரெல்லி எழுதிவைத்த கணக்கு அழியாமல் இருக்கிறது. அதனால் யார் யார் வேலை செய்தார்கள் என்று தெரியும். படம் வரைந்தவர்கள் ஜாக்கொப்போ டெல் செல்லாயோ, பியாஜ்ஜோ தந்தோனியோ. மரவேலை சனோபி டி டொமெனிக்கோ. தச்சரின் பெயர் ஓவியர்களின் பெயரோடு ஒரே கணக்கில் நிற்கிறது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கோ, கடைசியில் திரும்பி வருவம்.

ஒரு பெட்டகத்தின் முன்பக்கத்தில் பழைய ரோமாபுரிக் கதை ஒன்று இருக்கிறது. ஃபலேரி என்ற ஊரை ரோமப் படை முற்றுகையிட்டிருக்கிறது. அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் பணக்கார வீட்டுப் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு வந்து எதிரித் தளபதி கமில்லுஸிடம் ஒப்படைக்கப் பார்க்கிறார். பிள்ளைகளைப் பிடித்து வைத்தால் ஊர் தானாக விழுந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. கமில்லுஸ் அதை ஏற்கவில்லை. வாத்தியாரின் கையைக் கட்டி, பிள்ளைகளின் கையில் பிரம்பைக் கொடுத்து, அடித்துக்கொண்டே ஊருக்குள் கூட்டிப்போகச் சொல்கிறார். இதைக் கல்யாணப் பெட்டகத்தில் ஏன் வரைந்தார்கள்? பெட்டகம் இருந்த இடம் படுக்கையறை. அங்கே பிள்ளைகள் பிறப்பார்கள், பெட்டகத்தில் ஏறி விளையாடுவார்கள். அவர்களின் கண்மட்டத்தில்தான் இந்தக் கதை ஓடுகிறது. கண்ணியம் என்றால் என்ன, துரோகம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க நினைத்திருக்கிறார்கள். பெட்டகம் துணி வைக்கிற சாமான் மட்டுமில்லை, இருக்கை, காட்சிப்பொருள், பாடப்புத்தகம் எல்லாமே அதுதான்.

அன்றாடம் பாவித்ததால் அடியும் பட்டது. பூட்டில் தொங்கிய திறப்பு ஆடி ஆடி வர்ணத்தைச் சுரண்டியது. கால்கள் உதைத்தன. இன்றைக்கும் பல பலகைகளில் அந்தத் தழும்புகளைக் காணலாம்.

வர்ணத்துக்கு முன் நடக்கும் வேலை

வர்ணம் தீட்டுதல் என்றவுடன் தூரிகையைத்தான் நினைக்கிறோம். ஆனால் முக்கால்வாசி வேலை தூரிகையைத் தொட முன்னமே முடிந்துவிடும். 1400ஐ ஒட்டிய காலத்தில் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் எழுதிய தொழில் கைநூல் ஒன்று எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. மரப்பலகையை எப்படி ஆயத்தம் செய்வது என்று அதில் படிப்படியாகச் சொல்கிறார். பெட்டகங்களுக்கு வர்ணம் தீட்டுவது பற்றியும் அதே நூலில் எழுதியிருக்கிறார்.

முதலில் பலகைக்குப் பசை தடவவேண்டும். மிருகத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை, எங்கள் தச்சர்கள் பாவித்த வச்சிரத்தின் இனம். பிறகு பழைய மெல்லிய லினன் துணியைக் கீலம் கீலமாகக் கிழித்துப் பசையில் நனைத்து ஒட்டவேண்டும். மரம் அசைந்தாலும் மேலே வெடிப்பு வராமல் அது தாங்கும். அதற்குமேல் ஜெஸ்ஸோ, அதாவது ஜிப்சமும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு. முதலில் பரும்படியான ஜெஸ்ஸோ. பிறகு மென்மையான ஜெஸ்ஸோ. மென்மையானதைச் செய்ய ஜிப்சத்தை ஒரு மாதம் தண்ணீரில் போட்டு ஒவ்வொரு நாளும் கலக்கவேண்டும். குறைந்தது எட்டுப் பூச்சு என்கிறார் சென்னினி. ஒவ்வொரு பூச்சும் முன்னைய பூச்சுக்குக் குறுக்கே போகவேண்டும். பிறகு தந்தம் மாதிரி வழுவழுப்பாகும் வரை சுரண்டவேண்டும். தங்கரேக்கு ஒட்டுவதும் வர்ணம் தீட்டுவதும் அதற்குப் பிறகுதான்.

இந்த அடுக்கு வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ: மரம், பசை, துணி, ஜெஸ்ஸோ, வர்ணம், மேலே வார்னிஷ். துணியில்லாமல் செய்தவையும் உண்டு, ஆனால் மிச்ச வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். இந்தத் தளபாடங்களின் அழகும் அவை சாகிற விதமும் இந்த அடுக்குகளில்தான் இருக்கின்றன.

புளோரன்சில் இது பெரிய வியாபாரம். அப்பொலோனியோ டி ஜொவான்னி என்ற ஓவியரும் அவருடைய பங்காளியும் நடத்திய பட்டறையின் கணக்கில் 1446 முதல் 1463 வரை சுமார் 170 ஓடர்கள் பதிவாகியுள்ளன. நூறு வருசம் கழித்து ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி இதைத் திரும்பிப் பார்த்து ஒரு முக்கியமான குறிப்பை விட்டுப்போனார். அந்தக் காலத்தில் நல்ல ஓவியர்களே பெட்டகங்களுக்கும் கட்டில்களுக்கும் வர்ணம் தீட்டினார்கள், அதை யாரும் வெட்கமாக நினைக்கவில்லை, இப்போதுதான் பலர் வெட்கப்படுகிறார்கள் என்பது அதன் சாரம். அதாவது 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பெட்டகத்துக்குப் படம் வரைவது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் வந்துவிட்டது. நாகரிகமும் மாறி, வர்ணப் பெட்டகத்தின் இடத்தைச் செதுக்கு வேலை செய்த வால்நட் மரப் பெட்டகங்கள் பிடித்தன.

மரத்தை மறைத்த நகரம்

வர்ணத் தளபாடம் திரும்ப உச்சத்துக்கு வந்த இடம் வெனிஸ், காலம் 18ஆம் நூற்றாண்டு. இந்தமுறை தூண்டுதல் ஆசியாவில் இருந்து வந்தது. சீன, ஜப்பானிய லாக்கர் சாமான்கள் கப்பலில் வந்து ஐரோப்பியப் பணக்காரரை மயக்கின. கண்ணாடி மாதிரி மினுங்கும் அந்த மேற்பரப்பை எப்படிச் செய்வது எண்டு எல்லோரும் மண்டையை உடைத்தார்கள்.

உண்மையான லாக்கர் கிழக்காசியாவில் வளரும் ஒரு மரத்தின் பால். ஈரக்காற்றில்தான் அது இறுகும். அந்தப் பாலை அவ்வளவு தூரம் கப்பலில் கெடாமல் கொண்டுவர முடியவில்லை. ஆகவே ஐரோப்பியர் கையில் இருந்ததை வைத்துப் போலி செய்தார்கள். 1720இல் பொனான்னி என்ற இயேசுசபைத் துறவி சீன வார்னிஷ் பற்றியும் அதைப்போல ஒன்றைச் செய்யும் முறைகள் பற்றியும் ரோமில் ஒரு நூலே வெளியிட்டார். வெனிஸ்காரர் அதிகம் நம்பியது சந்தரக் என்ற பிசினை. வட ஆபிரிக்காவில், முக்கியமாக மொரோக்கோவில் வளரும் ஒரு மரத்தின் பிசின் அது. அதைச் சாராவியில் கரைத்து, மெல்லிய பூச்சாகப் பூசி, காயவிட்டு, திரும்பவும் பூசி, கடைசியில் தேய்த்து மினுக்குவார்கள்.

வெனிஸ்காரர் இந்த வேலையை லக்கா என்று அழைத்தார்கள். அந்தச் சொல் எங்கள் பக்கத்தில் இருந்து போனது. வடமொழி லாக்ஷா பாரசீகம், அரபு வழியாக இத்தாலிக்குப் போய் லக்காவானது. தமிழில் நாங்கள் அரக்கு என்போம், பாண்டவரை எரிக்கக் கட்டிய அரக்கு மாளிகையின் அதே அரக்கு. மாத்தளைக்குப் பக்கத்தில் ஹபுவிட கிராமத்தில் கைவினைஞர்கள் இன்றும் அரக்கை இளக்கி, நகத்தால் நூலாக இழுத்து மரத்தில் பதித்து வேலை செய்கிறார்கள். சிங்களத்தில் அதற்கும் லாக்ஷா என்றே பெயர். வேடிக்கை என்னவென்றால் அரக்கு என்பது ஒரு பூச்சி சுரக்கிற பிசின். சீன லாக்கரில் அது இல்லை. வெனிஸின் சந்தரக் பூச்சும் அது இல்லை. இந்தியாவின் பெயர், சீனாவின் தோற்றம், மொரோக்கோவின் பிசின், வெனிஸின் கை. இத்தாலியத் தளபாடம் என்று நாங்கள் சொல்வதற்குள் இவ்வளவும் இருக்கிறது.

மரம் என்ன மரம் என்று கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். பெரும்பாலும் பைன், ஃபேர் போன்ற மலிவான மென்மரங்கள். வடக்கே மலைகளில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றால் கொண்டுவருவார்கள். வெனிஸில் சத்தெரே என்றொரு கரையோர வீதி உண்டு. அந்தச் சொல்லுக்கே தெப்பங்கள் என்றுதான் அர்த்தம். மலிவான மரத்தில் செய்து, ஜெஸ்ஸோ பூசி, வெளிர்பச்சை, மஞ்சள், வான்நீலம் என்று நிறம் தீட்டி, பூக்களும் காதலர்களும் குடைபிடித்த சீனர்களும் வரைந்தால் யாருக்கு மரம் தெரியப் போகிறது? அந்தச் சீனர்களை வரைந்தவர்களில் அநேகர் சீனரைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள்.

வெனிஸின் கா ரெஸ்ஸோனிக்கோ மாளிகை 1936இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே ஒரு முழு அறையே பச்சை லாக்கர் தளபாடங்களால் நிறைந்திருக்கிறது. கல்போ குரொட்டா குடும்ப மாளிகையில் இருந்து வந்தவை. கரும்பச்சைப் பரப்பில் பொன்னிறத்தில் புடைத்து நிற்கும் சீனக் காட்சிகள். இந்தத் தொழில் எட்டிய உச்சத்தைப் பார்க்க அதைவிட நல்ல இடம் குறைவு.

கத்தரிக்கோல் வேலை

எல்லாராலும் ஓவியரை வைத்து வரைவிக்க முடியாது. அதற்கும் வெனிஸில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அச்சடித்த படங்களைக் கத்தரித்து, தளபாடத்தில் ஒட்டி, நிறம் தீட்டி, மேலே சந்தரக் வார்னிஷைப் பல தடவை பூசினால் கடதாசியின் விளிம்பு உள்ளே அமிழ்ந்துபோகும். விரலால் தடவினாலும் பிடிபடாது. தூரத்தில் இருந்து பார்த்தால் கையால் வரைந்ததுதான்.

இதற்கென்றே படங்களை அச்சடித்த இடம் வெனிஸுக்கு வடமேற்கே உள்ள பஸ்ஸானோ. அங்கே ரெமொந்தினி குடும்பத்தின் அச்சகம் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மிகப்பெரிய அச்சகங்களில் ஒன்றாக வளர்ந்திருந்தது. சுவாமிப் படம், விளையாட்டுப் படம், புத்தகம், நிறக்கடதாசி எல்லாம் அடித்தார்கள். தெசினோ பள்ளத்தாக்கின் மலையூர்களில் இருந்து வந்த நடைவியாபாரிகள் அவற்றை முதுகில் சுமந்து ஐரோப்பா முழுக்க விற்றார்கள். வெட்டி ஒட்டுவதற்கான தாள்களில் வேட்டைக்காரர், நாய்கள், இடையர்கள், மரங்கள், பாலங்கள் எல்லாம் தனித்தனியாக இருக்கும். யார் பக்கத்தில் யாரை ஒட்டுவது என்பது கத்தரிக்கோல் பிடித்தவரின் முடிவு. இன்றைக்கு நாங்கள் கொலாஜ் என்று சொல்கிற வேலையைத்தான் பேர் தெரியாத அந்தக் கைகள் லாச்சிகளின் முகப்பிலும் கண்ணாடிச் சட்டங்களிலும் செய்துகொண்டிருந்தன.

பிற்காலத்துச் சேகரிப்பாளர்கள் இதற்கு லக்கா போவெரா, ஏழை லாக்கர், என்று பெயர் வைத்தார்கள். ஆர்தே போவெரா, ஏழைக் கலை, என்றும் சொல்வதுண்டு. 1967இல் இத்தாலியில் தொடங்கிய நவீன கலை இயக்கத்துக்கும் இதே பெயர்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலிவுக்காகப் பிறந்த இந்த ஏழைச் சாமான்கள் இன்று ஏலத்தில் வசதியானவர்கள் மட்டும் வாங்கக்கூடிய விலைக்குப் போகின்றன.

1682

இனி எங்களை அதிகம் யோசிக்கவைத்த பகுதி. வெனிஸில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கைவினைச் சங்கம் இருந்தது. சங்கத்தில் சேராமல் தொழில் செய்ய முடியாது. வர்ணம் தீட்டுவோரின் சங்கத்துக்குத் தெபென்தோரி சங்கம் என்று பெயர். அதன் விதிநூல் 1271ஆம் ஆண்டுவரை பின்னோக்கிப் போகிறது. அந்தச் சங்கத்தில் யார் யார் இருந்தார்கள் எண்டு பாருங்கோ: ஓவியர், தங்கரேக்கு ஒட்டுவோர், புத்தகச் சித்திரக்காரர், முகமூடி செய்வோர், விளையாட்டுச் சீட்டுக்கு நிறம் தீட்டுவோர், தோலில் அலங்கார வேலை செய்வோர், தளபாடத்துக்கு வர்ணம் பூசுவோர். தேவாலயத்துக்குப் பெரிய ஓவியம் வரைகிறவரும் திருவிழா முகமூடிக்கு வாய் வரைகிறவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

ஓவியர்களுக்கு இது பிடிக்கவில்லை. தாங்கள் கையால் வேலை செய்கிற ஆட்கள் இல்லை, அறிவால் வேலை செய்கிறவர்கள் என்று வாதிட்டார்கள். நீண்ட இழுபறிக்குப் பிறகு 1682இல் பிரிந்துபோய்த் தங்களுக்கென்று தனி அமைப்பை உருவாக்கிக்கொண்டார்கள். தளபாடத்துக்கு வர்ணம் தீட்டுவோர் பழைய சங்கத்திலேயே மிச்சமானார்கள்.

ஓவியர்களின் கோபத்தில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சங்கம் வரி அறவிட்டது, கட்டுப்பாடு விதித்தது. அதில் இருந்து விடுபட நினைப்பது இயல்பு. ஆனால் விளைவைப் பாருங்கோ. வெனிஸ் தளபாடக் கலை உச்சத்துக்குப் போனது அதற்குப் பிந்திய நூற்றாண்டில். அந்த நூற்றாண்டின் ஓவியர்களின் பெயர்கள் எங்களுக்குத் தெரியும். தியெப்போலோ, கனலெத்தோ, குவார்தி. பச்சை லாக்கர் அறையைச் செய்தவர்களின் பெயர்களை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கோடு அவ்வளவு நேராகவும் இல்லை. ஐரோப்பா முழுக்கப் புகழ்பெற்ற வெனிஸ் ஓவியர் ரொசால்பா கரியெரா மூக்குத்தூள் டப்பாக்களின் மூடிகளில் சின்னச் சின்னச் சித்திரம் வரைந்துதான் தொழிலைத் தொடங்கினார். பிறகு பஸ்டல் உருவப்படங்களுக்குப் போனார். உலகம் நினைவில் வைத்திருப்பது உருவப்படங்களை. டப்பா வேலை அவருடைய கதையில் ஒரு படிக்கட்டாக மட்டும் மிஞ்சியது.

1797இல் வெனிஸ் குடியரசு நெப்போலியனிடம் விழுந்தது. சில வருசங்களில் கைவினைச் சங்கங்களும் கலைக்கப்பட்டன. தொழில் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

வியாபாரியும் வாளும்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களும் பணக்காரச் சேகரிப்பாளர்களும் மறுமலர்ச்சிக்கால இத்தாலிய ஓவியங்களுக்கு அலைந்தார்கள். புளோரன்ஸ் வியாபாரிகளுக்கு இது பொற்காலம். பழைய வீடுகளின் களஞ்சிய அறைகளில் கிடந்த பெட்டகங்களைச் சில்லறை விலைக்கு வாங்கி, முன்பலகையைக் கழற்றியோ அரிந்தோ எடுத்து, சட்டம் போட்டு, ஓவியமாக விற்றார்கள். பெட்டகமாக விற்பதைவிட ஓவியமாக விற்றால் கூட விலை.

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் நடந்தது. சிலருக்கு முழுப் பெட்டகம்தான் வேண்டும். அவர்களுக்காக ஒரு வீட்டின் பலகை, இன்னொரு வீட்டின் மூடி, புதிதாகச் செதுக்கிய கால் என்று சேர்த்துப் பெட்டகம் உருவாக்கி, பழையது என்று விற்றார்கள். இன்று அருங்காட்சியகங்களில் 15ஆம் நூற்றாண்டுப் பெட்டகம் என்று நிற்கிற பலவற்றை ஆராய்ந்தால் பாதி 19ஆம் நூற்றாண்டு வேலையாக இருக்கிறது.

1682இல் சங்க விதியால் செய்த பிரிப்பை இவர்கள் மரமரியும் வாளால் செய்தார்கள் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. ஓவியம் கலை, பெட்டகம் சாமான் எண்டு ஏற்கனவே எல்லாரும் நம்பிவிட்டதால் வாளை வைக்க யாருக்கும் கை நடுங்கவில்லை.

தண்ணீர் வந்த நாள்

1966 நவம்பர் 4ஆம் திகதி. அன்று வெனிஸில் கடல் 194 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஏறியது, அந்த நகரம் அளந்த அளவுகளில் மிகக் கூடியது அதுதான். அதே நாள் புளோரன்சில் ஆர்னோ ஆறு பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தது.

நாங்கள் முன்னம் சொன்ன அடுக்குகளை ஒருக்கால் நினையுங்கோ. ஜெஸ்ஸோவைப் பிடித்துவைத்திருப்பது மிருகப் பசை. தண்ணீர் பட்டால் அது இளகும். மரம் தண்ணீரைக் குடித்து வீங்கும். பிறகு காயும்போது மரம் சுருங்கும், ஆனால் வர்ணப்படலம் அதோடு சேர்ந்து சுருங்காது. இடமில்லாமல் கூடாரம் மாதிரி எழும்பி, உடைந்து, உதிரும். வெள்ளம் வந்தபோது பாதி அழிவு, வடிந்து காயும்போது மீதி அழிவு.

இதற்கு நல்ல சாட்சி ஒரு தளபாடம் இல்லை. பெட்டகத்தைப் போலவே மரத்தில் ஜெஸ்ஸோ பூசிச் செய்யப்பட்ட ஒரு ஓவியம். வசாரி 1546இல் வரைந்த கடைசி இராவுணவு. அன்று சாந்தா குரோச்சே வளாகத்தில் அது 12 மணித்தியாலத்துக்கும் மேலாகத் தண்ணீருக்குள் கிடந்தது. வர்ணம் உதிராமல் இருக்க மேலே கடதாசி ஒட்டிக் காப்பாற்றினார்கள். ஆனால் அதற்குமேல் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பல பத்தாண்டுகள் அது களஞ்சியத்தில் காத்திருந்தது. கடைசியில் புளோரன்சின் பாதுகாப்பு நிறுவனமான ஒபிஃபிச்சோ டெல்லே பியெத்ரே தூரே அதைத் திருத்தி எடுத்தது. 2016இல், வெள்ளம் வந்து சரியாக 50 வருசத்தில், அது திரும்பவும் மாட்டப்பட்டது. ஓவியம் என்றபடியால் 50 வருசம் காத்திருந்தார்கள். வெள்ளத்தில் நனைந்த ஒரு சாதாரண வர்ண அலுமாரிக்கு யார் அவ்வளவு காலம் காத்திருப்பார்கள்?

வெனிஸுக்குப் பிரச்சினை முடியவில்லை. 2019 நவம்பர் 12இல் திரும்பவும் 187 சென்ரிமீற்றர். அடுத்த வருசம் கடல் மறிப்புக் கதவுகள் முதல்தடவையாக உண்மையான ஒரு உயர்கடலுக்கு எதிராக எழுப்பப்பட்டன.

புதிதாக்கினால் செத்துப்போகும்

வெள்ளம் அபூர்வம். இந்தத் தளபாடங்களை அழிக்கிற வேலையில் கூடப் பங்கு துப்புரவுக்குத்தான். அன்பாக, அக்கறையாக, வீட்டை மினுக்கும் ஆசையில் செய்கிற துப்புரவு.

ஈரத்துணியால் துடைத்தால் வெடிப்புகளுக்குள்ளால் தண்ணீர் ஜெஸ்ஸோவுக்குப் போகிறது. எண்ணெய் பூசினால் இரண்டு நாள் மினுங்கும், பிறகு தூசியைப் பிடித்துக் கறுக்கும். சிலிக்கோன் கலந்த பொலிஷ் அடித்தால் பின்னர் திருத்த வருபவரின் பசையும் வர்ணமும் அதில் ஒட்டாது. வெயில் படுகிற யன்னலோரம் வைத்தால் சில சிவப்புகளும் மஞ்சள்களும் வெளிறிவிடும். குளிரூட்டியை நாளுக்கு நாலுதரம் போட்டு நிறுத்தினால் காற்றின் ஈரம் ஏறி இறங்கி, மரமும் அதோடு ஏறி இறங்கும். ஒரே சீரான ஈரப்பதம்தான் முக்கியம். வர்ணம் உதிராமல் இருந்தால் மென்மையான காய்ந்த தூரிகையால் தூசி தட்டலாம். உதிரத் தொடங்கியிருந்தால் கை வைக்காமல் தெரிந்தவரைக் கூப்பிடவேண்டும். அவ்வளவுதான் வீட்டில் செய்யக்கூடியது.

பழைய வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும். மஞ்சள் படலத்துக்குள்ளால் பார்த்தால் நீலம் பச்சையாகத் தெரியும். நாங்கள் பச்சை என்று ரசிக்கிற சில அலுமாரிகள் செய்த காலத்தில் நீலமாக இருந்திருக்கலாம். அப்ப வார்னிஷைக் கழற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் லக்கா வேலையில் வார்னிஷ் கடைசியில் போடுகிற மூடி இல்லை, அதுதான் கலையின் உடம்பு. வெட்டி ஒட்டிய வேலையில் கடதாசியைப் பிடித்துவைத்திருப்பதே அதுதான். கழற்றினால் படமும் சேர்ந்து வரும்.

இந்தக் கேள்விக்கு இத்தாலியரே ஒரு நல்ல விடையை உருவாக்கியிருக்கிறார்கள். 1939இல் ரோமில் திருத்தல் வேலைக்கென ஒரு மத்திய நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் செசாரே பிராண்டி 1963இல் தன் கோட்பாட்டை நூலாக வெளியிட்டார். திருத்துகிறவர் பொய் சொல்லக்கூடாது என்பது அதன் உயிர்நாடி. வர்ணம் போன இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பும் முறையை அந்த நிறுவனத்தில் வளர்த்தெடுத்தார்கள். எட்ட நிண்டு பார்த்தால் படம் முழுமையாகத் தெரியும். கிட்டப் போனால் எது பழையது, எது புதியது என்று கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும். காலம் செய்த இழப்பை மறைக்காமலே படத்தை வாசிக்க விடுவது அது.

திறப்பு சுரண்டிய தழும்பையும் அப்படித்தான் பார்க்கவேண்டும். அந்தப் பெட்டகத்தைத் தினமும் திறந்து மூடின கை ஒன்று இருந்தது என்பதற்கு அந்தத் தழும்பைத் தவிர வேறு ஆதாரம் எங்களிடம் இல்லை. பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் கை.

சனோபியின் பெயர்

இப்போது தச்சர் சனோபியிடம் திரும்பி வருவம். 550 வருசம் கழிந்து அவருடைய பெயர் எங்களுக்குத் தெரிவதற்குக் காரணம் ஒரு மாப்பிள்ளை தன் செலவை ஒழுங்காக எழுதிவைத்ததுதான். பெட்டகம் அரியப்படாமல் இருந்ததும், கணக்கு தொலையாமல் இருந்ததும் ஒன்றாகச் சேர்ந்ததால் ஒரு தச்சர் வரலாற்றுக்குள் வந்தார். அவரைப் போன்ற மற்ற எத்தனையோ பேருக்கு இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போனது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் தன் அம்மம்மா வீட்டு அலுமாரியைப் பற்றிச் சொன்னார். லாச்சியின் அடிப்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்ததாம். வீட்டில் கல்யாணம் வந்தபோது உள்ளும் புறமும் எனாமல் பெயின்ற் அடித்துவிட்டார்கள். எழுதியிருந்தது செய்தவரின் பெயரா, அளவுக் கணக்கா என்று இனி யாருக்கும் தெரியாது.

உங்கள் வீட்டில் பழைய அலுமாரி, பெட்டகம், கட்டில் ஏதும் இருந்தால் அதைச் செய்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒருக்கால் கேளுங்கோ. கொப்பியில் எழுதி வையுங்கோ. பெயின்ற் அடிக்க முன்னம் லாச்சியைக் கழற்றிப் பின்பக்கத்தையும் பாருங்கோ.